டப்பாவுல ஒரு கலர், துணியில ஒரு கலர்

புதுச்சேரி முதலியார்பேட்டையில சின்னதா ஒரு ஸ்க்ரீன் பிரிண்டிங் யூனிட் வச்சிருக்கேன். டீஷர்ட், துணிப்பை, ஸ்கூல் ஹவுஸ் பனியன், திருவிழாவுக்கு பசங்க மொத்தமா எடுக்கறது, கஃபேக்காரங்க ஸ்டாஃபுக்கு போடறது இதெல்லாம்தான் எங்க வேலை. ஸ்க்ரீன் எக்ஸ்போஸ் பண்றது, ஸ்குவீஜி (ஸ்க்ரீன் மேல இங்க்கை இழுக்கற ரப்பர் பட்டை) புடிக்கிறது பத்தி வீடியோ தேடினா நிறைய கிடைக்குது, ஆனா கலர் கலக்கறதைப் பத்தி தமிழ்ல ஒழுங்கா யாரும் சொல்லி நான் பாக்கல, அதனாலதான் எழுதறேன். ஒரு ஆர்டர் கஸ்டமருக்கு புடிக்குமா புடிக்காதாங்கறது முக்கால்வாசி அந்த கலர்லயே முடிவாயிடுது. டிசைன் கொஞ்சம் நகர்ந்திருந்தாக்கூட கண்ணுல படாம போயிடும், கலர் மாறினா பையிலேர்ந்து எடுத்த உடனே தெரிஞ்சிடும்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். டப்பாவுக்குள்ள ஈரமா இருக்கும்போது கண்ணுக்குத் தெரியறதை நம்பி கலர் முடிவு பண்ணாதீங்க. அடிச்சு, காஞ்சு, க்யூர் ஆகி (அதாவது சூடு குடுத்து கலரை துணியில நிலைக்க வச்சு), துணி ஆறின பிறகு என்ன தெரியுதோ அதுதான் கலர். இதுக்கு காரணம் இருக்கு. நாங்க அதிகம் யூஸ் பண்றது வாட்டர் பேஸ்டு பிக்மெண்ட் பேஸ்ட், அதாவது தண்ணி சேர்ந்த பேஸ்ட்ல பிக்மெண்டை (நிறத்தைக் குடுக்கற சரக்கு) கலக்கறது, அதுல இருக்கற அக்ரிலிக் பைண்டர் (கலரை துணியில ஒட்ட வைக்கற பசை) ஈரத்துல பால் மாதிரி வெள்ளையா இருக்கும், காஞ்சதும் கண்ணாடியா ஆயிடும். அந்த வெள்ளை போனதும் உள்ள இருக்கற பிக்மெண்ட் முழுசா வெளிய தெரியும், கலர் ஒரு படி ஆழமாயிடும். அதனால டப்பாவுல பாக்கும்போது 'இன்னும் கொஞ்சம் டார்க் வேணும்'னு தோணும், அங்க கை வச்சீங்கன்னா காஞ்சப்புறம் ஓவரா போயிடும். பிளாஸ்டிசால்னு இன்னொரு வகை இங்க் இருக்கு, அதுல இந்த மாற்றம் கம்மி, ஏன்னா அதுல தண்ணியே கிடையாது, பிவிசி பொடியை பிளாஸ்டிசைசர் எண்ணெயில கலந்து வச்சிருக்காங்க, 160 டிகிரி பக்கம் சூடு குடுத்தாதான் கெட்டியாகும், ஸ்க்ரீன்ல நாள் பூரா கிடந்தாலும் காயாது. ஆனா அதுலயும் க்யூர் ஆனதுக்கு அப்புறம் பாக்கறதுதான் கணக்கு.

எங்க ஊர்ல அடிக்கடி வர்ற ஒரு கேள்வி, 'அக்கா, அந்த ஒயிட் டவுன் செவுத்து மஞ்சள் வேணும்.' ஒயிட் டவுன்னா கடலோரம் இருக்கற பழைய பிரெஞ்சுப் பகுதி. டூமாஸ் தெரு, ரோமன் ரோலண்ட் தெரு பக்கம் போனவங்களுக்கு தெரியும், வெள்ளை பார்டர் வச்ச அந்த மஞ்சள் செவுரு. கேக்கறதுக்கு ஈஸியா இருக்கு, ஆனா எந்த மஞ்சள்? காலையில ஏழு மணிக்கு கடல் பக்கத்து வெளிச்சத்துல அது ஒரு மாதிரி இளசா இருக்கும், மத்தியானம் வெளுத்துப் போன மாதிரி தெரியும், சாயந்தரம் தெருவிளக்கு போட்டா ஆரஞ்சுக்கே போயிடும். மழை நனைஞ்ச இடம் வேற, புதுசா பெயிண்ட் அடிச்ச வீடு வேற, பக்கத்துல காகிதப்பூ கொத்தா தொங்கினா அந்த ரோஸ் பட்டு செவுரே வேற மாதிரி தெரியும். கஸ்டமர் அனுப்பறது வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ, அதுக்கு ஃபில்டர் வேற போட்டிருப்பாங்க, அதை அவங்க போன்ல ஒரு கலரா பாத்திருப்பாங்க என் போன்ல இன்னொரு கலரா வரும். போன் ஸ்க்ரீன்ல தெரியறது வெளிச்சம், துணியில தெரியறது வெளிச்சம் பட்டு திரும்பி வர்றது, ரெண்டும் ஒண்ணா வரவே வராது. அதனால போட்டோ வந்தா நான் ஒத்துக்கறதில்லை, நேர்ல வாங்க, இல்லன்னா ஏதாவது ஒரு பொருள் குடுங்கன்னு கேட்டுடுவேன். ஒரு துணி, ஒரு பெயிண்ட் கார்டு, பழைய டீஷர்ட், எது வேணா சரி, கையில புடிச்சு பாக்கற மாதிரி இருக்கணும்.

பான்டோன் நம்பர் குடுக்கறவங்களும் இருக்காங்க, முக்கியமா வெளியூர் கம்பெனி ஆர்டர். 1963ல ஆரம்பிச்ச சிஸ்டம் அது, ஒவ்வொரு கலருக்கும் ஒரு நம்பர் போட்டு புக்கா அச்சடிச்சிருப்பாங்க, எந்த ஊர்ல இருந்தாலும் ஒரே நம்பரை சொன்னா ஒரே கலரை பேசலாம்ங்கறதுதான் அதோட பலம். ஆனா நம்பருக்கு பின்னாடி வர்ற எழுத்தை கவனிங்க. சி-ன்னா பளபளப்பு பேப்பர்ல அடிச்சது, யு-ன்னா சாதா பேப்பர், டிசிஎக்ஸ்னு வந்தா அது காட்டன் துணியில சாயம் போட்டு காட்டினது. ஒரே நம்பர்தான், சி-யும் யு-வும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, சில கலர் அக்கா தங்கச்சி மாதிரிகூட இருக்காது. நாங்க அடிக்கறது துணி, ஷைனிங் கிடையாது, அதனால சி புக்குல இருக்கற துடிப்பு அப்படியே வரணும்னு கேட்டா வராதுன்னு முதல்லயே சொல்லிடறது ரெண்டு பேருக்கும் நல்லது. புக்குல போட்டிருக்கற கலவை சதவீதமும் பேப்பர் பிரிண்டிங் இங்குக்கானது, நம்ம கையில இருக்கற பிக்மெண்டுக்கு அது செட் ஆகாது, எந்தெந்த கலர் சேருதுன்னு ஒரு ஐடியாவுக்கு வேணா பாத்துக்கலாம். புக் கலரும் வெளுக்கும், ஜன்னலோரமா தொறந்து வைக்காதீங்க.

வெளிச்சத்தைப் பத்தி சொல்லாம முடியாது. எங்ககிட்ட ஒரு அண்ணன் இருக்கார், ஏஎஃப்டி (ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) மில்லுல சாயப் பிரிவுல வேலை பாத்தவர், ரோடியர் மில்லுன்னு 1898ல ஆரம்பிச்சு 2020ல மூடின அதே மில்லுதான். நான் டியூப்லைட்டுக்கு கீழ ரெண்டு துண்டை வச்சு சரியா இருக்குன்னு சொன்னா 'வெளிய எடுத்துட்டு வாம்மா, லைட்டுல பாத்தா எல்லாமே பொருந்தும்'பார். வாசல்ல கொண்டு போனா ஒண்ணு பச்சை சாயல் அடிக்கும், ஒண்ணு சிவப்பு சாயல் அடிக்கும். ரெண்டு கலர் ஒரு வெளிச்சத்துல ஒண்ணா தெரிஞ்சு இன்னொரு வெளிச்சத்துல பிரிஞ்சு போறதுக்கு மெட்டாமெரிசம்னு பேரு. ரெண்டுலயும் வேற வேற பிக்மெண்ட் இருந்தா இது நடக்கும். எக்ஸ்போர்ட் கம்பெனிங்கள்ல இதுக்குன்னு லைட் பாக்ஸ் வச்சிருப்பாங்க, டி65ன்னு பகல் வெளிச்சம், டிஎல்84ன்னு கடை வெளிச்சம், மஞ்சள் பல்பு வெளிச்சம்னு மாத்தி மாத்தி போட்டுப் பாப்பாங்க. நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம், வடக்கு பாத்த ஜன்னல் ஒண்ணு போதும், நேர் வெயில் படாத இடம், காலையில பத்து மணிலேர்ந்து ரெண்டு மணிக்குள்ள. பக்கத்துல கலர் செவுரு இருக்கக்கூடாது, நீங்க போட்டிருக்கற சட்டையே பளிச்னு சிவப்பா இருந்தா அதுவும் துணிமேல அடிக்கும். மிக்ஸிங் டேபிள் மேல நாங்க சாம்பல் கலர் சார்ட் பேப்பர் விரிச்சு வச்சிருக்கோம்.

இப்ப கலக்கறதுக்கு வர்றேன். முதல்ல வேண்டியது தராசு. கிராம்ல ரெண்டு புள்ளி வரைக்கும் காட்டற சின்ன டிஜிட்டல் தராசு. ஸ்பூன் கணக்கு, சொட்டு கணக்கு, கண்ணு கணக்கு எல்லாம் ஒரு தடவைக்கு ஓகே, அதே கலரை ஆறு மாசம் கழிச்சு கேட்டா கைவிட்டுடும். முழு அளவு கலக்கறதுக்கு முன்னாடி 100 கிராம் க்ளியர் பேஸ்ட் (பிக்மெண்ட் போடாத வெறும் பேஸ்ட்) எடுத்து சின்ன கப்புல சாம்பிள் போடணும், ஏன்னா 100ல போட்டா எத்தனை கிராமோ அப்படியே சதவீதமா எழுதிக்கலாம், பெருக்கறதும் ஈஸி.

அந்த செவுத்து மஞ்சளையே எடுத்துக்கங்க, வெள்ளை டீஷர்ட்டுக்கு. க்ளியர் 100 கிராம், கோல்டன் யெல்லோ 4 கிராம். நல்லா கலக்கணும், கப்பு ஓரம், அடி எல்லாம் சுரண்டி சுரண்டி, இல்லன்னா ஓரத்துல ஒட்டின பிக்மெண்ட் கடைசியில இறங்கி கலரை மாத்தும். இந்த ஸ்டேஜ்ல பாத்தா மாம்பழ மஞ்சள், ரொம்ப சுத்தமா, பொம்மைக் கடை மாதிரி இருக்கும். செவுத்துல இருக்கறதோ மண்ணு கலந்த மஞ்சள். அதுக்கு ஸ்கார்லெட் ஒரு 0.3 கிராம், கொஞ்சம் சூடேறும். அப்புறம்தான் முக்கியமான இடம், அந்த பளபளப்பை அடக்கணும். இங்க எல்லாரும் கருப்பை எடுப்பாங்க. மஞ்சள்ல கருப்பு போட்டா பச்சையாயிடும், பாசி புடிச்ச மாதிரி ஒரு நிறம், ஏன்னா கார்பன் பிளாக்குக்குள்ள ஒரு நீல சாயல் இருக்கு. அதுக்கு பதிலா மஞ்சளுக்கு எதிர் கலர் வயலட், அதை டூத்பிக் நுனியில தொட்டு வைங்க. மேல ஒரு கரும்புள்ளியா நிக்கும், ஸ்பேச்சுலாவால ஒரு இழு இழுத்தா ஊதா கோடு மஞ்சளுக்குள்ள ஓடி ஓடி பழுப்பா மாறி காணாம போகும். தராசுல 0.04, 0.05ன்னுதான் காட்டும், ஆனா மஞ்சள் முழுசா இறங்கி செவுத்துக்கு வந்துடும். இந்த அளவெல்லாம் எங்க பிக்மெண்டுக்கு, உங்க பிராண்டுல பவர் வேறயா இருக்கும், அதனால அளவை அப்படியே எடுக்காதீங்க, போற வழியைப் பாத்துக்கங்க.

வெளிர் கலர்லேர்ந்து அடர் கலருக்குத்தான் போகணும், திருப்பி போகக்கூடாது. டார்க் பிக்மெண்ட் குழம்புல உப்பு மாதிரி, போட்டா எடுக்க முடியாது, சரி பண்ணணும்னா அளவை ஏத்திக்கிட்டே போகணும், கடைசியில 200 கிராம் வேண்டிய இடத்துல ரெண்டு கிலோ கலந்து வச்சிருப்பீங்க. ஒவ்வொரு பிக்மெண்டோட பலமும் வேற. பிளூவும் க்ரீனும் தலோசயனின் வகை, அது பயங்கர ஸ்ட்ராங், ஒரு துளி போட்டாலே மொத்தத்தையும் இழுத்துட்டு போயிடும். மஞ்சள் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. பச்சை வேணும்னு மஞ்சளையும் நீலத்தையும் சமமா கலந்தா வர்றது நீலப்பச்சைதான், கிளிப்பச்சை வேணும்னா மஞ்சள் பல மடங்கு போகணும். இன்னொண்ணு, ஒரு கலருக்கு மூணு பிக்மெண்டுக்கு மேல போகாதீங்க. நாலு அஞ்சுன்னு சேர சேர கலர் செத்துடும், திருப்பி அதே மாதிரி எடுக்கறதும் கஷ்டம்.

வெள்ளை சேர்த்தா கலர் லைட் ஆகும்னு நெனைக்கறாங்க. லைட் ஆகும், கூடவே மாறவும் செய்யும். வெள்ளை பேஸ்ட்ல இருக்கறது டைட்டானியம் டைஆக்சைடு, அது கலரை பால் ஊத்தின மாதிரி மந்தமாக்கும், சிவப்புல போட்டா ரோஸ்தான் வரும், லைட்டான சிவப்பா வராது. வெள்ளை துணியில லைட் கலர் வேணும்னா வெள்ளை போடாதீங்க, க்ளியரை ஏத்துங்க, துணியோட வெள்ளையே உள்ளேர்ந்து தெரியும், கையில தொட்டாலும் சாஃப்டா இருக்கும். டார்க் துணிக்குத்தான் வெள்ளை வேணும்.

டார்க் துணின்னு வந்தா அதே மஞ்சளை நேவி பிளூ டீஷர்ட்ல அடிச்சுப் பாருங்க, கண்ணுக்கே தெரியாது, க்ளியர்ல கலந்தது டிரான்ஸ்பரண்ட், நேவி அதை முழுங்கிடும். முதல்ல வெள்ளை அண்டர்பேஸ் (அடியில போடற வெள்ளை) அடிச்சு, ஃபிளாஷ் பண்ணி (கொஞ்ச நேரம் சூடு காட்டி மேல மட்டும் காய வச்சு), அதுக்கு மேல கலர் அடிக்கணும். அப்பவும் வெள்ளை டீஷர்ட்ல வந்த ஷேட் வராது, அண்டர்பேஸ் எவ்வளவு மூடுதோ அவ்வளவுதான் கலர் எழும்பும், அதனால நேவிக்குன்னு தனி ஃபார்முலா, தனி சாம்பிள். மெஷ்ஷும் (ஸ்க்ரீன்ல இருக்கற வலை, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை நூல்ங்கறதுதான் அதோட நம்பர்) கலரை மாத்தும், 43 மெஷ்ல அடிச்சா இங்க் நிறைய இறங்கும், 77ல போனா கம்மியாகும், ஒரே டப்பா இங்க்தான் ஆனா ரெண்டு ஷேட். ஸ்குவீஜியை படுக்க வச்சு இழுக்கற ஆளுக்கும் நிமித்தி இழுக்கற ஆளுக்கும்கூட வித்தியாசம் தெரியும், அதனால ஒரு ஆர்டரை ஒரே ஆள் முடிக்கற மாதிரி பாத்துக்கறோம். பாலியஸ்டர் ஜெர்சின்னா இன்னும் ஜாக்கிரதை, சிவப்பு ஜெர்சியில வெள்ளை நம்பர் அடிச்சு சூடு குடுத்தா துணியோட சாயம் ஆவியாகி மேல ஏறி நம்பர் ரோஸாயிடும், சில சமயம் அடிச்ச அன்னிக்கு நல்லா இருந்து அடுத்த நாள் தெரியும். அதுக்கு கம்மி சூட்டுல க்யூர் ஆகற இங்க்கும், கீழ அந்தச் சாயத்தைத் தடுக்கற சாம்பல் கலர் பிளாக்கரும் வேணும்.

நடுவுல ஒரு கதை. ஆரோவில் பக்கத்துலேர்ந்து ஒருத்தவங்க அவுரியில முக்கின துணிப்பை ஒண்ணை எடுத்துட்டு வந்து இதே நீலம் வேணும்னு கேட்டாங்க. அவுரி நீலம்னாலே எனக்கு நம்ம ஊரு ஞாபகம் வரும், ஏன்னா பிரெஞ்சுக்காரன் காலத்துல புதுச்சேரியிலேர்ந்து கப்பல் கப்பலா போனது இந்த நீலத் துணிதான். கினேன்னு பேரு அதுக்கு, 18, 19ஆம் நூற்றாண்டுல ஆப்பிரிக்காவுல செனகல் வரைக்கும் போச்சு, அங்க அதை காசு மாதிரியே வச்சு யாவாரம் பண்ணியிருக்காங்க. அந்தத் துணியைக் குடுத்துட்டு அங்கேர்ந்து வாங்கினது கம் அரபிக், அகேசியா மரத்துப் பிசின். அந்தப் பிசின் ஐரோப்பாவுல எதுக்கு போச்சு தெரியுமா, துணியில பிரிண்ட் அடிக்கற சாயத்தை கெட்டியாக்கறதுக்கு! நாம இன்னிக்கு பேஸ்ட் கெட்டியாகணும்னு போடறோமே திக்கனர், அதே வேலை. நம்ம ஊரு சாயத்துணி போயி பிரிண்டிங் பேஸ்டுக்கு சாமான் வாங்கிட்டு வந்திருக்குன்னு படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. சரி, அந்த நீலத்துக்கு வர்றேன். பிக்மெண்ட்ல அவுரியை அப்படியே கொண்டு வர முடியாது, அது நூலுக்குள்ள இறங்கின நீலம், இது மேல உக்காந்த நீலம். பிளூவோட வயலட் சேர்த்து, துளி கருப்பு வச்சா கிட்டத்துல வரும், பகல் வெளிச்சத்துல பொருந்தும், பல்பு வெளிச்சத்துல பிரியும். அதை அவங்களுக்கு ரெண்டு வெளிச்சத்துலயும் காட்டி, ஒத்துக்கிட்ட பிறகுதான் அடிச்சோம்.

கலர் கிடைச்சதும் வேலை முடியல, அது துணியில நிக்கணும். கலர் டார்க்கா வேணும்னு பிக்மெண்டை அள்ளிப் போடறவங்க இருக்காங்க. பிக்மெண்டுக்கு தானா ஒட்டற குணம் கிடையாது, பைண்டர்தான் புடிச்சு வைக்குது, அது புடிக்கற அளவுக்கு மேல போனா ஈரத்துணி வச்சு தேச்சா கையோட வந்துடும். எங்க பேஸ்டுக்கு 100க்கு 6 கிராம்லயே நிறுத்திக்கறோம், கருப்புக்கு மட்டும் கொஞ்சம் மேல, அதுக்கு பைண்டரையும் ஏத்துவோம். முன்னாடி மண்ணெண்ணெய் ஊத்தி பேஸ்ட் அடிப்பாங்க, துணி துவைக்கற வரைக்கும் அந்த நாத்தம் இருக்கும், இப்ப சிந்தெடிக் திக்கனர் வந்ததால அந்தத் தொல்லை இல்ல. ஃபிக்ஸரை (கலர் துவைச்சாலும் போகாம இருக்க சேர்க்கற மருந்து) மொத்த டப்பாவுலயும் ஊத்திடாதீங்க, ஊத்தின நேரத்துலேர்ந்து பேஸ்ட் இறுக ஆரம்பிச்சிடும், அன்னிக்கு அடிக்கற அளவை மட்டும் தனியா எடுத்து கலந்துக்கங்க. க்யூர் 150 டிகிரியில மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷம். நம்ம ஊரு சீதோஷ்ணத்தையும் சேத்துக்கங்க, மே மாசம் பேஸ்ட் மெஷ்லயே காஞ்சு அடைச்சுக்கும், ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி வச்சுக்கிட்டே அடிக்கணும், நவம்பர் மழையில பிரிண்ட் காயவே காயாது, ஈரத்தோட க்யூருக்கு அனுப்பினா சூடெல்லாம் தண்ணியை விரட்டறதுக்கே போயிடும், ரெண்டு துவையல்ல உரிஞ்சிடும்.

வீராம்பட்டினம் தேருக்கு பசங்க வருஷா வருஷம் ஆடியில டீஷர்ட் அடிப்பாங்க. 'அக்கா, போன வருஷம் அடிச்ச அதே மஞ்சள், கொஞ்சம்கூட மாறக்கூடாது, பழசு போட்டவனும் புதுசு போட்டவனும் ஒண்ணா நிப்போம்'பாங்க. இதுக்காகவே ஒரு நோட்டு. ஒவ்வொரு கலருக்கும் ஒரு பக்கம், சதவீதம், பிக்மெண்ட் கம்பெனி, பேட்ச் நம்பர், மெஷ், எந்தத் துணி, எத்தனை ஸ்ட்ரோக், கூடவே க்யூர் பண்ணின துண்டு ஒண்ணு பின் அடிச்சிருக்கும். பிக்மெண்ட் புது பேட்ச் வந்தா பவர் மாறும், அதனால பழைய ஃபார்முலாவுல ஒரு சாம்பிள் அடிச்சு அந்தத் துண்டோட வச்சுப் பாத்துட்டுத்தான் மொத்தமா கலக்குவோம். போன வருஷ டீஷர்ட் வெளுத்திருந்தா வெளுத்ததுக்கு மேட்ச் பண்றதா, நோட்டுல இருக்கறதுக்கு மேட்ச் பண்றதான்னும் கேட்டுக்கணும், அந்தப் பசங்க நோட்டுக்குத்தான் பண்ணச் சொல்லுவாங்க.

எவ்வளவு கலக்கணும்ங்கறதுக்கும் தராசுதான். டப்பாவை எடை போட்டுட்டு பத்து பீஸ் அடிங்க, திரும்ப எடை போடுங்க, குறைஞ்சதை பத்தால வகுத்தா ஒரு பீஸுக்கு எவ்வளவுன்னு வந்துடும். அதை மொத்த பீஸால பெருக்கி மேல 15 சதவீதம் வைங்க, ஸ்க்ரீன்ல ஒட்டறது, ஸ்குவீஜியில நிக்கறதுக்கு. நடுவுல கலர் தீந்து புதுசா கலந்தா என்னதான் அளந்தாலும் ஒரு நூல் வித்தியாசம் வரும், ஒரே ஆர்டருக்குள்ள அது வரவே கூடாது. மிஞ்சினதை பேஸ்ட் மேலயே பாலித்தீன் ஒட்டற மாதிரி மூடி, காத்து போகாம வைங்க. கழுவற தண்ணியை வாய்க்கால்ல விடாதீங்க, இங்க எந்த வாய்க்கால்ல விட்டாலும் அது கடலுக்குத்தான் போகுது. ஸ்க்ரீன்ல இருக்கறதை நல்லா வழிச்சு எடுத்து, மிச்சத்தை துணியில தொடச்சு, அப்புறம் தண்ணி காட்டினா பாதி சாயம்கூட வெளிய போகாது. வழிச்ச மிச்சமெல்லாம் ஒரு டப்பாவுல சேத்து வச்சா ஒரு பழுப்பு வரும், டெஸ்ட் பிரிண்டுக்கும் ஸ்க்ரீன் செக் பண்றதுக்கும் அதுவே போதும்.

புதுசா ஆரம்பிக்கறவங்க முப்பது கலர் ரெடிமேடா வாங்கி அடுக்க வேண்டாம். தராசு, க்ளியர், வெள்ளை, அப்புறம் லெமன் யெல்லோ, கோல்டன் யெல்லோ, ஸ்கார்லெட், ரோஸ் சாயல்ல ஒரு சிவப்பு, பிளூ, க்ரீன், வயலட், கருப்பு. ஃப்ளோரசன்ட் கேட்டு வருவாங்க, அதை தனியா அடிங்க, மத்த கலரோட கலந்தா மந்தமாயிடும், வெயில்ல சீக்கிரம் வெளுக்கவும் செய்யும்னு முன்னாடியே சொல்லிடுங்க. பிளூ, க்ரீன், வயலட் கால் கிலோ வாங்கினாலே ரொம்ப நாள் வரும். மஞ்சள் ரெண்டையும் மட்டும் கிலோ கணக்குல வாங்கிக்கங்க, முதல்ல தீர்றது அதுதான்.